கன்றுக்குச் சொன்ன சொல்

திரைப்படப் பாடலைப் பற்றி இலக்கிய மலரில் எழுதுவது தகுமா என்று வினவும் அன்பர்கள் நம் சங்கங்களில் இன்றும் உளர். மும்பையில் வாழும் தமிழர் இல்லங்களில் தீபாவளியன்று குறளைப் புரட்டுவோர் சிலர். பழைய பாட்டொன்றைக் கேட்போர் மிகப் பலர். மக்கள் நெஞ்சில் இத்துணை எளிதாகப் புகுந்து அமர்ந்துவிட்ட ஒன்றைத் திறனாய்வு கண்டும் காணாதது போலக் கடந்து செல்லலாகாது என்பது நம் கருத்து. எனினும் பழைய பாடல்களுக்குப் புகழ்மாலை சூட்டுவதற்காக இக்கட்டுரை எழுந்ததன்று. அவற்றுள் மட்டமானவையும் ஏராளம். பண்டிகை நாளில் தனித்திருக்கும் ஒருவனுக்குப் பழைய பாட்டு எவ்வாறு ஆறுதல் ஆகிறது, எத்தகைய பாட்டு ஆகிறது, எத்தகையது ஆவதில்லை என்னும் ஒரு வினாவையே ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

தனித்திருப்போர் யாவர்? தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் ஓரறையில் ஐவராய்த் தங்கி, விடியுமுன் இட்லி அவித்துத் தலைச்சுமையாய் நகரெங்கும் கொண்டு விற்கும் நெல்லைச் சீமை இளைஞர்கள் உளர். செம்பூர் அடுக்ககங்களில், பெற்ற மக்கள் கடல் கடந்து வாழ, இருவராகவோ ஒருவராகவோ மிஞ்சிய முதியோர் உளர். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில், உடன்பிறந்தார் அனைவரும் புறநகர்களுக்குப் பெயர்ந்துவிட்ட பின்னும் இடம் பெயராத கைம்பெண்கள் உளர். நம் போன்ற அரசு எழுத்தர்களும் இப்பட்டியலில் சேர்வதுண்டு. விடுப்பு அமையாத ஆண்டுகளில் மனைவி மக்களை நாகர்கோவில் விரைவு வண்டியில் ஏற்றிவிட்டு, ஆண்டாப்பு மலை அரசுக் குடியிருப்புக்குத் தனியே திரும்பி, அண்டை வீட்டு மராட்டிய அம்மையார் அன்போடு அளித்த சக்லியையும் கரஞ்சியையும் உண்டு தீபாவளியைக் கழித்திருக்கிறோம். அத்தட்டு சுவையானதே. ஆயினும் அத்தட்டைக் கையில் வாங்குங்கால், நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் நினைவுக்கு வருகிறதன்றோ?

ஊரில் தீபாவளி மழையோடு வருவது. வடகிழக்குப் பருவமழை பெய்யத் தொடங்கும் ஐப்பசியில், நனைந்த திரியும் நமத்த வெடியுமாக நம் பிள்ளைப் பருவத் தீபாவளிகள் கழிந்தன. மும்பையிலோ அக்டோபர் முற்பகுதியிலேயே மழை விடைபெற்றுவிடுகிறது. புழுக்கம் நிறைந்த வறண்ட இரவில் ஆகாச விளக்குகள் சாளரந்தோறும் தொங்குகின்றன. இந்த மழை வேற்றுமையை அற்பமென எண்ணலாகாது. நம் முன்னோர் பிரிவைப் பருவத்தால் அளந்தவர்கள். பொருள் தேடவோ போர் மேற்கொண்டோ பிரியும் தலைவன், கார்காலத்தில் மீள்வேன் எனக் கூறிச் செல்வது அகப்பொருள் மரபு. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். எனவே தீபாவளியன்றும் வீடு திரும்பாதவன், அகத்திணைக் கணக்கின்படி, சொன்ன காலத்தைத் தவறவிட்டவனாகிறான்!

இங்கே நமக்குத் துணையாவது பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாடிய 103 அடிகள். மழை பொழியும் மாலையில், போருக்குச் சென்ற அரசன் மீளாமையால் அரசி வருந்துகிறாள். முதிய பெண்டிர் ஊர்ப்புறத்துக்குச் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவி வணங்கி, நற்சொல் கேட்க நிற்கின்றனர். இதனை விரிச்சி கேட்டல் என்பர். விரிச்சியாவது, ஒருவர் வேறொரு காரியமாகப் பேசும் சொல்லைத் தற்செயலாகக் கேட்டு, அதனைத் தம் காரியத்துக்குக் குறியாகக் கொள்ளுதல். அவ்வேளையில் ஓர் ஆயர் மகள், குளிரால் நடுங்கியவாறு, தாய்ப்பசு வராமையால் அலமரும் இளங்கன்றைப் பார்த்து, உன் தாயை இடையர் ஓட்டி வருகின்றனர், இதோ வந்துவிடும் என்று தேற்றுகிறாள். அவள் அரசியை அறியாள், போரையும் அறியாள். அவள் பேசியது கன்றோடு. ஆனால் அச்சொல்லைக் கேட்ட பெண்டிருக்கு நம்பிக்கை பிறந்துவிடுகிறது.

திரைப்படப் பாட்டும் ஒருவகை விரிச்சியே என்பது நம் துணிபு. அது நமக்காக எழுதப்பட்டதன்று. கதையில் வரும் ஒருவன் கதையில் வரும் ஒருத்தியிடம் கூறுவதற்காக, இயக்குநர் சொன்ன சூழலுக்கு ஏற்ப, இசையமைப்பாளர் தந்த மெட்டுக்குள் கவிஞர் பொருத்திய சொல் அது. அச்சொல்லைத் தாராவியில் ஒருவன் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறான். தனக்குச் சொல்லப்படாமையாலேயே அது அவனிடம் சென்று சேர்கிறது. முகத்துக்கு நேரே வந்து ஆறுதல் கூறுவோரிடம் நாம் ஆறிவிட்டதாக நடிக்க வேண்டியிருக்கிறது. கன்றுக்குச் சொன்ன சொல்லுக்கு அத்தகைய கடமை எதுவும் இல்லை.

இக்கருத்தைச் சோதிக்க ஏற்ற படம் 1959ஆம் ஆண்டு வெளிவந்த 'கல்யாணப் பரிசு'. ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம். பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இசை ஏ. எம். ராஜா. ராஜா தமிழில் இசையமைத்த முதற்படமும் அதுவே. அதில் தீபாவளிப் பாட்டு ஒன்று உண்டு. அன்றி, இரண்டு உண்டு என்பதே பொருந்தும். மெட்டு ஒன்று, வடிவம் இரண்டு. மகிழ்ச்சியான வடிவத்தைப் பி. சுசீலா பாடியிருக்கிறார். துயர வடிவத்தை ராஜாவே பாடியிருக்கிறார்.

மகிழ்ச்சியையும் துயரையும் ஒரே மெட்டில் இருமுறை பாடவைப்பது அக்காலத் திரையுலகில் வழக்கமான உத்திதான். பெரும்பாலும் இரண்டாம் வடிவத்தில் தாளத்தைத் தாழ்த்தி, வயலின்களைக் கூட்டி, கண்ணீரை வரவழைத்து முடித்துவிடுவார்கள். பட்டுக்கோட்டையார் செய்தது அதனினும் நுட்பமானது. மகிழ்ச்சிப் பாட்டில் ஒருவரையொருவர் கண்டு ஆடுகின்றனர். துயரப் பாட்டில் ஒருவரையொருவர் கண்டு வாடுகின்றனர். 'ஆட' என்னும் சொல்லின் முன் ஒரு வகர மெய் வந்து சேர்கிறது, அவ்வளவே. வாக்கியத்தின் அமைப்பு குலையவில்லை. தீபாவளி என்னும் சொல்லும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பண்டிகை மாறாது, விளக்குகள் மாறா, நாட்காட்டியும் மாறாது. மாறியது ஒரு மெய்யெழுத்து. பண்டிகைத் துயரின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக இலக்கணப்படுத்திய வேறு பாட்டை நாம் அறியோம்.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். அத்துயரப் பாட்டில் பிரிந்தவர் தொலைவில் இல்லை. கண்ணுக்கு எதிரே இருக்கிறார். காண்பதே வாட்டத்துக்குக் காரணமாகிறது. ஆள் இல்லாமையே தனிமை என்று எண்ணுவோருக்கு இது விளங்காது. மும்பைத் தமிழருக்கு விளங்கும். மாட்டுங்கா நிலையத்துக்கு வெளியே பூக்கடைகளில் தீபாவளிக்கு முதல் நாள் மாலை நிற்கும் கூட்டத்தைக் காட்டிலும் பெருங்கூட்டம் நம்மூரில் எங்குண்டு? எதிரே காண்போர் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க, அவரைக் கண்டு ஒருவன் வாடுவதற்கு அவன் பாலைவனத்தில் இருக்க வேண்டியதில்லை.

ராஜாவின் குரலைப் பற்றியும் ஒரு சொல். சித்தூர்ச் சீமையில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு பிறந்தவர் அவர். அவர் குரல் உரத்து எழுவதில்லை. அழுகையை நடித்துக் காட்டுவதுமில்லை. ஒலிவாங்கியின் அருகே நின்று, பக்கத்திலிருப்பவர் உறக்கம் கலையாதவாறு பேசுவது போலப் பாடுவார். துயரத்தைக் கூட்டத்தின் முன் முழங்கும் பாடகரும் வேண்டும். அவர்க்கும் காலமும் களமும் உண்டு. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஓரறையில் ஐவர் உறங்க ஒருவன் மட்டும் விழித்திருக்கும்போது ராஜாவின் குரலே இடத்துக்குப் பொருந்துகிறது.

பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபர் 8ஆம் நாள், தம் இருபத்தொன்பதாம் அகவையில் மறைந்தார். அவ்வாண்டுத் தீபாவளி அம்மாதக் கடைசியில் வந்தது. படம் வெளிவந்த பின் வந்த முதல் தீபாவளி அது. தம் தீபாவளிப் பாட்டை அந்நாளில் கேட்க அவர் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981 அக்டோபர் 17இல், கண்ணதாசன் அமெரிக்காவில் சிகாகோ நகரில் உயிர் நீத்தபோதும் தீபாவளிக்குப் பத்து நாளே இருந்தது. இதற்கு உட்பொருள் காண நாம் முற்படவில்லை. வீட்டு முதியவர் மறைந்த ஆண்டில் அவ்வீட்டில் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம்; அவ்விரு ஆண்டுகளிலும் பாட்டை நேசித்தோர் சிலரேனும் அவ்வழக்கத்தை நினைத்திருப்பர்.

கன்றுக்குச் சொன்ன சொல் என்னும் உவமைக்கு இன்னும் நெருக்கமான சான்று, ஏ. பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' படத்தின் தாலாட்டு. ஆண்டு 1961. எழுதியவர் கண்ணதாசன், இசை விசுவநாதன்-ராமமூர்த்தி இருவர். பிரிந்து வாழும் அண்ணனும் தங்கையும் குழந்தையைத் தாலாட்டிப் பாடுகின்றனர், டி. எம். சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியது. பாட்டைக் கேட்கும் குழந்தைக்கு அதன் பொருள் தெரியாது. சொல்லெல்லாம் குழந்தையை நோக்கியவை. நெஞ்செல்லாம் உடன்பிறப்பை நோக்கியது. நேரே பேச மானமும் சூழலும் தடுக்கும்போது தமிழன் குழந்தையிடம் பேசுகிறான், மாட்டிடம் பேசுகிறான், பண்டைக் காலத்தில் நெஞ்சிடமும் கடலிடமும் நாரையிடமும் பேசினான். நம் தொலைபேசி உரையாடல்களை எண்ணிப் பாருங்கள். ஊரிலுள்ள தாயார் பேரனிடம், அப்பா சாப்பிட்டானா என்று கேட்பார். அவ்வினா மகனுக்குரியது என்பதை மூவரும் அறிவோம்.

தாராவியைக் கதைக்களமாகக் கொண்டு 1987இல் வந்த 'நாயகன்' படத்திலும், இளையராஜா அமைத்த பாடல்களுள் மக்கள் நெஞ்சில் நிலைத்தது அடிபட்ட பிள்ளையைப் பார்த்து வினவும் பாட்டே. அதனை விரிக்கின் கட்டுரை நீளும்.

இனி மறுதரப்புக்கு வருவோம். நேராகவே ஆறுதல் கூறும் பாடல்கள் தமிழில் இல்லையா? உண்டு. அவற்றுள் தலையாயது 1962இல் ஸ்ரீதர் இயக்கிய 'சுமைதாங்கி' படத்தில், கண்ணதாசன் எழுதி, பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. கலக்கமுற்ற மனத்தை முன்னிலைப்படுத்தி, நம்மினும் தாழ்ந்த நிலையில் எத்தனையோ பேர் உளர் என நினைந்து அமைதி கொள்ளச் சொல்லும் பாட்டு அது. அதன் ஆற்றலுக்குக் கவிஞர் வாலியே சான்று. சென்னையில் வாய்ப்பின்றி அலைந்து, ஊருக்கே திரும்பிவிடுவது என முடிவு செய்திருந்த வேளையில், ஸ்ரீநிவாஸ் தாம் பாடி முடித்து வந்த அப்பாட்டைப் பாடிக் காட்ட, அதைக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டதாக வாலி பலமுறை கூறியிருக்கிறார். 1963இல் 'கற்பகம்' படத்தின் பாடல்களால் அவர் நிலைபெற்றார். ஒரு பாட்டு ஒரு மனிதனைப் புகைவண்டி ஏறவிடாமல் தடுத்தது என்றால், அதைக் குறை கூற நாம் யார்?

ஆயினும் குறை கூறவே வேண்டியிருக்கிறது. நம்மினும் கீழுள்ளவரை நினைந்து ஆறுக என்னும் வாதம் அளவுகோல் ஒன்றைக் கையில் தருகிறது. படிக்கட்டின் நடுவே நிற்பவனுக்கு அது பயன்படும். கடைசிப் படியில் நிற்பவன் எங்கே நோக்குவான்? தகரக் கூரையின் கீழ் ஐவரோடு உறங்கும் இட்லி வணிகனிடம் இவ்வாதத்தைச் சொல்லிப் பாருங்கள். அன்றியும், பிறர் துன்பத்தின் மீது நம் அமைதியைக் கட்டுவது அறத்துக்குப் பொருந்துமா என்பதும் ஐயமே. விடுப்புக் கேட்டுச் சென்றவனிடம், சென்ற ஆண்டு இன்னாருக்கு இரு பண்டிகைக்கும் விடுப்பு இல்லை தெரியுமா என்று மேலலுவலர் கூறும் ஆறுதலுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

அப்படியாயின் வாலியைத் தடுத்தது எது? நாம் கருதுவது இது. ஸ்ரீநிவாஸ் அறிவுரை கூற வரவில்லை. சற்றுமுன் பாடிவிட்டு வந்த பாட்டை, பாடகர் எவரும் செய்வது போல, நண்பரிடம் பாடிக் காட்டினார். ஜெமினி கணேசன் நடித்த பாத்திரத்துக்காக எழுதிய சொல்லை வாலி கேட்க நேர்ந்தது. அறிவுரையாக இருந்த வாசகம் அந்த அறையில் விரிச்சியாகிவிட்டது. அதே கருத்தை ஸ்ரீநிவாஸ் உரைநடையில் கூறியிருப்பின், வாலி நன்றி கூறிவிட்டுப் பெட்டியைக் கட்டியிருப்பார். இதில் ஸ்ரீநிவாஸின் தாழ்குரலுக்கும் பங்குண்டு, அக்குரல் வாதிடுவதில்லை, வாதத்தைத் தன் மென்மையால் கரைத்துவிடுகிறது.

முல்லைப்பாட்டை மீண்டும் திறந்தால் நப்பூதனார் இதனை முன்பே அறிந்திருந்தார் எனத் தோன்றுகிறது. கன்றுக்குச் சொன்ன சொல்லைக் கேட்டவர்கள் முதிய பெண்டிர். கேட்டவர்கள் தேறினர். அவர்கள் அரண்மனைக்குத் திரும்பி, நற்சொல் கேட்டோம், உன் தலைவன் வருவது உறுதி, வருந்தாதே என்று அரசியிடம் எடுத்துரைக்கின்றனர். மீண்டும் மீண்டும் விளக்குகின்றனர். அரசியோ தேறவில்லை, கண்ணீரே பெருகுகிறது. விரிச்சி கேட்டவருக்கே உரியது போலும். எடுத்துச் சென்று ஊட்டினால் அது வெறும் செய்தியாகிவிடுகிறது. இக்காலத்தில் பண்டிகைதோறும் நம் கைபேசிக்குள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் பழைய பாடல்களின் கதியும் அதுவே. கேட்டுப் பாருங்கள், மனம் இலேசாகும் என்னும் குறிப்போடு வரும் பாட்டு மனத்தை இலேசாக்குவதில்லை. அதே பாட்டு எதிர்வீட்டிலிருந்து அரைகுறையாகக் காற்றில் வந்தால் கையிலுள்ள வேலை நின்றுவிடுகிறது.

நம் தந்தையர் தலைமுறைக்கு இவ்வாய்ப்பை மிகுதியாக அளித்தது இலங்கை வானொலி. 1952 முதல் பத்தாண்டுகள் பா. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலத்தில் நம் நாட்டு வானொலி திரைப்பாட்டைத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பின்னரே கதவு சற்றுத் திறந்தது. அவ்விடைவெளியில் கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த பாடல்களே இந்தியா முழுவதற்கும் தோழமையாயின. இந்திக்காரர்களுக்கு அமீன் சயானி போல, தமிழருக்கு மயில்வாகனனும் பின்னர்ப் பி. எச். அப்துல் ஹமீதும் வீட்டு மனிதராயினர். அவ்வானொலியில் நேயர் விருப்பப் பாடல்களுக்கு முன் ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் வாசிக்கப்படும். முன்பின் அறியாத ஒருவர், முன்பின் அறியாத இன்னொருவருக்காகக் கேட்ட பாட்டு! தன் வட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊரின் பெயர் சிற்றலையின் இரைச்சலுக்கிடையே எழுந்து அடங்கும்போது, பம்பாயில் அமர்ந்திருந்தவன் அடைந்த நிறைவைப் பாட்டின் சொற்களில் தேடினால் கிடைக்காது.

புலம்பெயர்ந்தோரையே விளித்துப் பாடும் பாட்டு இதைவிடச் சிறந்ததாக இருக்குமே எனலாம். 1986இல் வந்த 'நாம்' என்னும் இந்திப் படத்தில் பங்கஜ் உதாஸ் பாடிய கடிதப் பாட்டை நம் நகரில் அறியாதார் இல்லை. ஆனந்த் பக்ஷி எழுதியது. ஊரிலிருந்து வரும் கடிதம், நீ இல்லாமல் பண்டிகைகள் சிறப்பிழந்தன என்று கூறித் திரும்பி வரச் சொல்கிறது. கேட்டு அழாதவர் அரியர். ஆனால் அது ஆறுதல் அன்று, அழைப்பாணை. திரும்ப இயலாதவனை அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ஊருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் பொருட்டே ஊரைப் பிரிந்தவனிடம், பணத்தால் என்ன பயன் என்று கேட்பது சற்றுக் கொடுமையே. மேனாட்டில் 1942இல் பிங் கிராஸ்பி பாடிப் போர்க்களத்து வீரர்களெல்லாம் விரும்பிக் கேட்ட 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டு இதற்கு நேர்மாறு. ரஷ்யப் பேரரசிலிருந்து சிறுவனாய் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதரான இர்விங் பெர்லின் எழுதியது. கிறிஸ்துமஸ் அவர் பிறந்த சமயத்தின் பண்டிகையன்று. அப்பாட்டு எவரையும் திரும்பி வரச் சொல்வதில்லை. ஒருவன் தன் கனவைத் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். உலகம் அதை ஒட்டுக் கேட்டது.

இவையெல்லாம் இளமை நினைவின் மயக்கம். அவரவர் பதினெட்டு வயதில் கேட்ட பாட்டு அவரவர்க்கு இனிக்கும் என்று கூறி வழக்கை முடித்துவிடுவோர் உண்டு. இது பாதி உண்மை. ஆனால் நாம் மேலே கூறிய பாடல்கள் யாவும், 'நாயகன்' படத்தினதைத் தவிர, நாம் பிறக்குமுன் வந்தவை. அவற்றில் நம் இளமை இல்லை. நம் தந்தையாரின் ஒலிநாடாக்களில், அவர் கேட்கும்போது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளாக நாம் அவற்றைக் கேட்டோம். அப்போதும் அவை நமக்காக ஒலித்தவை அல்ல. நம் மக்கள் 1992இன் 'ரோஜா'வையே பழம்பாட்டு என்கின்றனர். அவர்களுடைய தனித்த பண்டிகைகளில் எது துணை வரும் என்பதை அவர்களே கண்டுகொள்வர். தமிழ் எழுத்தறியாத பிள்ளைகளும் பாட்டின் மெட்டைத் தவறாமல் முணுமுணுப்பதைக் காண்கிறோம். சொல்லைக் கேட்டுப் பெற்றவர்கள் அவர்கள். படித்துப் பெற்றவர்கள் அல்லர். இதனை நல்லூழ் என்பதா இழப்பு என்பதா என்று நம்மால் துணிய இயலவில்லை.

முல்லைப்பாட்டின் அரசி பின்னர் என்ன செய்கிறாள்? தானே தன்னைத் தேற்றிக்கொள்ள முயல்கிறாள். நெகிழும் வளையைத் திருத்துகிறாள். விளக்கு எரியும் மாடத்தில், கூரையினின்று அருவி போல் விழும் மழைநீரின் ஓசையைக் கேட்டவாறு படுத்திருக்கிறாள். எவருக்காகவும் எழாத ஓசை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த செவி நிறையவே, மீண்டு வரும் தேரின் குதிரைகளுடைய ஒலி வந்து சேர்கிறது. பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது. தலைவனை அவள் கண்டதாக நப்பூதனார் பாடவில்லை. சந்திப்பை எழுதாமல் செவியோடு நிறுத்திய அவர் நுண்மையை உரையாசிரியர்கள் எத்துணை வியந்தாலும் தகும். மழை ஓய்ந்துவிட்ட மும்பைத் தீபாவளியில் அக்கூரையோசைக்கு ஈடாக நமக்கு வாய்ப்பது ராஜாவின் குரல்.

நம் அண்டை அயலாராகிய மராட்டியர் இதில் நம்மினும் முன்னே நிற்கின்றனர். நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியல் அவர்க்கும் நமக்கும் பொதுவானது. குளியல் முடிந்ததும் 'திவாளி பஹாட்' என்னும் விடியற்கால இசையரங்குகளில் அவர்கள் கூடுகின்றனர். பழைய நாடகப் பாடல்களும் பாவகீதங்களும் அங்கே பாடப்படுகின்றன. அவற்றுள் துயரப் பாடல்களுக்கும் இடமுண்டு. தனியே வந்த முதியவர் கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து கேட்டுவிட்டு வீடு செல்கிறார். அவரிடம் எவரும் நலம் உசாவுவதில்லை. அதுவே அவருக்கு நலம்.

நம் மன்றங்களின் தீபாவளி மெல்லிசை நிகழ்ச்சிகளோ, மங்கலம் கெட்டுவிடும் என்னும் அச்சத்தால், துள்ளல் பாடல்களாலேயே நிரப்பப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். விரும்பும் பாட்டைச் சீட்டில் எழுதித் தரலாம் என்று அறிவித்தனர். நமக்கு முன் வரிசையில் தனியே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், 'கல்யாணப் பரிசு, தீபாவளிப் பாட்டு, ராஜா பாடியது' என எழுதிக் கொடுத்தார். மேடையில் சீட்டைப் படித்தவர் புன்னகைத்து, நல்ல நாளில் அது வேண்டாம் ஐயா என்று ஒலிவாங்கியிலேயே கூறி, சுசீலா பாடியதைப் பாடச் செய்தார். அவர் எண்ணமும் தீயதன்று. பாடிய சிறுமியும் நன்றாகவே பாடினாள். அவையோர் கைதட்டித் தாளமிட்டனர். பெரியவர் கைதட்டவில்லை. மெட்டு ஒன்றேயாதலால், அவர் உதடுகள் மட்டும் மற்ற வடிவத்தின் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தன.

இவ்வாண்டு நிகழ்ச்சி நிரல் வகுக்கும் செயலாளர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. முதலில் சுசீலா பாடியது, அடுத்து ராஜா பாடியது என அப்பாட்டின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய இசைத்தட்டுக் காலப் பாடல்களாதலால் இரண்டும் சேர்ந்து ஏழெட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகா. முன்னுரை எதுவும் வேண்டா.